முதல் இடிக்கு ஊர வேண்டிய பிளக்

எங்கள் தெருவில் இடி இடித்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. சுவரைத்தான் பார்ப்போம், எந்தெந்த பிளக் இன்னும் மாட்டியபடி இருக்கிறது என்று. துலா மாதம், அதாவது ஐப்பசி, பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மத்தியானம் சாப்பிட்டது செரிப்பதற்குள் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும், முதல் இடி விழும். உடனே எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அத்தனை வீடுகளிலும் ஆட்கள் எழுந்து ஓடுவார்கள். டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, இன்டர்நெட் பெட்டி, ஒன்று விடாமல் ஊரிப்போடுவார்கள். பிடுங்குவது, உருவுவது எல்லாம் மற்ற ஊர்த் தமிழர்களுக்கு. மலையாளத்தோடு வளர்ந்த எங்களுக்கு பிளக்கை ஊருவதுதான் வழக்கம். பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஊரியாச்சா?" என்று கத்துவாள். "ஊரியாச்சு" என்று இவளும் திருப்பிக் கத்துவாள். இவள் என்றால் என் மனைவி.

எங்கள் மகன் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒருநாள் காலை பைக்கில் வேலைக்குப் போனவன் ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனான். இதற்குமேல் இதை விரித்து எழுத என்னால் ஆகாது. வாசிப்பவர்கள் என்னைத் துருவாமல் விட்டுவிட்டால் போதும்.

அவன் அறையில் ஒரு கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். கடையில் முழுசாக வாங்கியது அல்ல, பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டியது. இவளுக்கு அதில் தினமும் ஒரு சந்தேகம் வரும். கரண்ட் பில் எப்படிக் கட்டுவது, ரயில் டிக்கெட்டை எங்கே பார்ப்பது, பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போட்டோ எப்படி அனுப்புவது. நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்பாள். பொறுமை என்பது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய்க்காத ஒன்று. ஆனால் அவன் என்னைப்போல் கத்தமாட்டான், அவ்வளவு வித்தியாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, திரையில் செய்வதையெல்லாம் அப்படியே பதிவாக்கி, கூடவே தன் குரலில் விளக்கமும் சொல்லி, சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்தான். எல்லாவற்றையும் ஒரு போல்டரில் போட்டு, அதற்கு ‘அம்மாவுக்கு’ என்று பெயர் வைத்து, அவள் தேடி அல்லாட வேண்டாம் என்று திரையின் வலது கீழ்மூலையில் தனியாக வைத்தான்.

"அம்மா, கேட்டயா, அவசரப்படாதே. அது சுத்திண்டே இருக்கும், சுத்தட்டும். நீ மறுபடி மறுபடி அமுக்கினா அதுக்குக் கோவம் வரும், பின்னே அப்பா மாதிரி ஒக்காந்துடும்." இப்படித்தான் பேசுவான். பயப்படாதே என்று சொல்லமாட்டான், ‘பேடிக்காதே’ என்பான், பள்ளிக்கூடத்து மலையாளம்.

இடிக்கென்று தனியாக ஒரு வீடியோ உண்டு. அதற்கு மட்டும் போனில் படம் பிடித்தான். சுவர், பிளக், அவன் கை, இவ்வளவுதான் தெரியும் என்பாள் இவள். முகம் தெரியாது.

"அம்மா, கேட்டயா. மானம் கறுத்தாச்சுன்னா யாருக்கும் காத்துண்டு நிக்க வேண்டாம். மொதல் இடி வெட்டினதும் என் கம்ப்யூட்டர் பிளக்கை ஊரு. ஃபிரிட்ஜ் அப்பறம். அப்பாவோட டிவி எல்லாத்துக்கும் கடைசி. ஈரக்கையோட தொடாதே." இதற்குப் பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வான். அது எனக்குச் சரியாகக் கேட்டதில்லை.

ஏன் கேட்டதில்லை என்றால், நான் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. அவன் போனபிறகு, மத்தியானம் அடுக்களையை ஒழித்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு இவள் அவன் நாற்காலியில் போய் உட்காருவாள். பட்டனை அமுக்குவாள். திரை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். பிறகு வலது கீழ்மூலை. கரண்ட் பில் கட்டும் வீடியோவை முழுசாகப் பார்ப்பாள், ஒரு பில்லும் கட்டமாட்டாள். ரயில் டிக்கெட் வீடியோவைப் பார்ப்பாள், எங்கும் போகமாட்டாள். நான் முன் அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். சுவரைத் தாண்டி அவன் குரல் வரும். ஒருநாள் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், கொஞ்சம் தெம்பு வரட்டும், அது எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெட்டியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

முதலில் பல்லி என்று நினைத்தேன். மகளுக்குப் போன் செய்து, போனை அந்தப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்கச் சொன்னேன். அவளும் இதே துறைதான்.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டாள்.

"கோவிலுக்குப் போயிருக்கா."

"ஹார்ட் டிஸ்க் சாகப்போறது. ஒடனே பேக்கப் எடுக்கணும். அவன் ஏதாவது எடுத்து வெச்சிருக்கானா?"

அவன் எடுத்து வைத்திருக்கவில்லை. ஊரான் கம்பெனிக்கெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தான், வீட்டில் செய்யவில்லை. அலமாரியில் துழாவினால் அவன் வாங்கிவைத்த எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்று இருந்தது, மேலே சுற்றின பிளாஸ்டிக்கூடக் கிழிக்காமல். அதற்கென்று வாங்கியவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டினேன்.

மகள் சொன்னாள், கடைக்காரர் யாரிடமாவது கொடு என்று. முடியாது என்றேன். முன்பின் தெரியாத ஒருவன் என் பிள்ளையின் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு டீ குடிப்பதை என்னால் சகிக்க முடியாது.

"செரி, அப்போ மொதல்ல அம்மா போல்டரை மட்டும் காப்பி பண்ணு. கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும்."

"அது மட்டும் போறாது. எல்லாம் வேணும்."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாம். அவன் வெச்சிருக்கற மாதிரியே வேணும்."

நான் பிடிவாதக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெறும் பிடிவாதம் இல்லை. இவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. பட்டன், திரை, வலது கீழ்மூலை. வேறு கம்ப்யூட்டரில் வேறு திரையில் அந்த போல்டரைக் கொண்டுபோய் வைத்தால் அவள் அதன் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் போட்டிருந்த படம் பின்னால் இருக்க வேண்டும், அவன் வைத்த இடத்தில் எல்லாம் இருக்க வேண்டும். அதோடு அந்தப் பெட்டிக்குள் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நான் யார் பொறுக்க? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தாயிற்று, அவன் வைத்துவிட்டுப் போனதில் ஒரு தூசியைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று எனக்கு ஒரு வெறி.

"அப்பா, டிஸ்க் அவ்வளவு தாங்குமான்னு தெரியலை."

"தாங்கும். அவன் பூட்டினது."

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாளோ என்னவோ. பிறகு மொத்த சிஸ்டத்தையும் அப்படியே இன்னொரு டிரைவுக்கு ஏற்றும் வித்தையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் ஒன்று சொன்னாள். "நடுவுல மட்டும் நிக்கப்டாது, கேட்டயா. பாதி பேக்கப் எதுக்கும் ஒதவாது. டிஸ்க்கும் மறுபடி எழுந்துக்குமான்னு சொல்ல முடியாது. ஒரு தடவைதான் சான்ஸ்."

இவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. டிஸ்க் சாகப்போகிறது என்ற வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் அந்த வினைச்சொல்லையே நாங்கள் தவிர்த்துக்கொண்டிருந்தோம். "என்ன பண்றேள் அவன் ரூம்ல?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை, க்ளீன் பண்றேன். உனக்குப் புரியாது, போ" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளிடம் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அவளும் வழக்கம்போலப் போய்விட்டாள்.

இடியை நான் மறக்கவில்லை. மத்தியானம் எப்படியும் வரும் என்று தெரிந்துதான் காலைக் காப்பி முடித்த கையோடு ஆரம்பித்தேன். மழைக்கு முன்னால் முடிந்துவிடும் என்றுதான் திரையும் சொன்னது. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. முதலில் ஜோராகத்தான் நகர்ந்தது. பிறகு டக் டக் என்று சத்தம் வரும்போதெல்லாம் நின்றது. நின்று, யோசித்து, ஒரு மயிரிழை நகரும். இன்னும் இவ்வளவு நேரம் என்று திரையில் காட்டும் கணக்கு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனது. நான் சாப்பிடப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். அவள் மோர்சாதம் கரைத்து டம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுக்கப்போனாள். "இன்னிக்கு எனக்கு ஒக்கார எடம் இல்லையா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள். "சாயங்காலம் ஒக்காரலாம்" என்றேன்.

கிழக்கே கறுத்தது.

யு.பி.எஸ். என்று ஒன்று இருந்தால் பிளக்கை ஊரினாலும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. அவன் போன பிறகு அதன் பாட்டரி செத்து, ராப்பகலாகக் கத்திக்கொண்டிருந்தது. கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்குப் போனால் புது பாட்டரி கிடைத்திருக்கும். போக மனமில்லாமல் அதைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். அன்றைக்குப் பரணை அண்ணாந்து பார்த்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஊருவதா, விடுவதா? ஊரினால் மகள் சொன்னபடி எல்லாம் போயிற்று. ஊராவிட்டால், மின்னல் இந்த வயர் வழியாக வந்தால், பழைய டிஸ்க்கும் புது டிரைவும் சேர்ந்தே போகும். கோடு பாதியைத் தாண்டியிருந்தது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் ஊரிவிட்டு வந்து இதன் முன்னால் உட்கார்ந்தேன். விடுவது என்று முடிவு செய்தேன். பத்மநாபசுவாமியிடம் வெகு நாட்களாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன், அன்று பேசினேன். இதையாவது விட்டுவை என்றேன்.

மழை இடியைக்கூட எதிர்பார்க்காமல் சடசடவென்று இறங்கியது. மொட்டைமாடிக் கதவு காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டது. அந்தக் கதவைச் சாத்தாவிட்டால் தண்ணீர் படியில் இறங்கி நேராக அவன் அறைக்குத்தான் வரும். தரையில் கிடக்கும் வயர்கள் என்ன ஆகும்? ஓடினேன். தாழ்ப்பாள் துருவேறி விழ மறுத்தது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முதல் இடி விழுந்தது. வீடு அதிர்ந்தது.

படி வழியாகக் கீழே இவள் பாயை உதறிவிட்டு ஓடுவது கண்ணில் பட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "தொடாதே!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் போட்ட கத்தல்களிலேயே அதுதான் உருப்படியான காரணத்துக்காகப் போட்டது, அது மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது திரை கறுத்திருந்தது. இவள் சுவரோரம் நின்றிருந்தாள். தலை கலைந்து, தூக்கம் கலையாத முகம். ஒரு கையில் பிளக். இன்னொரு கையை, ஈரம் ஏதும் இருக்கக்கூடாது என்று, இன்னும் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, ஊரிட்டேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "நல்ல வேளை, எனக்கு முழிப்பு வந்துது. இன்னும் சித்த நாழி போயிருந்தா அவன் கம்ப்யூட்டர் எரிஞ்சே போயிருக்கும். ஊராம எங்கே போனேள் நீங்கோ? படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான், மொதல்ல இதைத்தான் ஊரணும்னு."

சாம்பாரில் உப்பு கூடினதற்கு வீட்டை இரண்டாக்கியவன் நான். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் நான் வெகு காலமாகப் பார்க்காத ஒன்று இருந்தது. பிள்ளை சொன்ன வேலையைச் செய்து முடித்த தாயின் முகம். அவனுக்காகச் செய்வதற்கு உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அது. பக்கத்து வீட்டிலிருந்து "ஊரியாச்சா?" என்று குரல் வந்தது. "ஊரியாச்சு" என்று இவள் தெம்பாகச் சொன்னாள்.

மழை விட்டதும், அவளை வெளியே அனுப்பிவிட்டு, பிளக்கைச் சொருகி பட்டனை அமுக்கினேன். டக் என்றது. இன்னொரு டக். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். மறுபடி மறுபடி அமுக்கினால் அதற்குக் கோபம் வரும் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்தினேன். எக்ஸ்டர்னல் டிரைவில் பாதி ஏறியது இருந்தது. அதை எதுவாலும் திறக்க முடியவில்லை.

அந்த ‘அம்மாவுக்கு’ போல்டரை மட்டும் முதலில் எடுத்திருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். எல்லாம் வேண்டும் என்றேன். இதைப் பற்றி இனிமேல் நினைத்து என்ன? ஆனால் நினைக்கிறேன். பல் தேய்க்கும்போது நினைக்கிறேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைக்கிறேன்.

மகள் ஓடிவந்தாள். டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெங்களூர் போனாள். செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருகிறவர்கள் அங்கே உண்டாம். கொஞ்ச நாள் கழித்துப் போனில், "அப்பா, உள்ளே தகடெல்லாம் கீறிப்போயிருக்காம். ஒண்ணும் வராதாம்" என்றாள். போனை யார் முதலில் வைத்தோம் என்று நினைவில்லை.

இவளிடம், டிஸ்க் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். மகளிடம் கேட்டால், "பாத்துண்டிருக்கா அம்மா, டைம் ஆகும்" என்பாள். என்னிடம் ஒருநாள் இவள் கேட்டாள். "அன்னிக்கு நான் ஊரினதாலதான் அது தப்பிச்சுது, அல்லே?"

"ஆமாம்," என்றேன். "நீ ஊரினதாலதான்."

மத்தியானம் அவள் இப்போதும் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறாள். கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு மனப்பாடமானதை முணுமுணுப்பாள். அவசரப்படாதே, சுத்திண்டே இருக்கும், சுத்தட்டும். நான் இப்போது முன் அறைக்கு ஓடுவதில்லை. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். உட்கார வேண்டிய காலத்தில் உட்காராமல், ஒன்றும் இல்லாத திரையின் முன்னால் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் பில் வீடியோவில் அவளுக்கு நடுவில் சில இடம் விட்டுப்போகிறது. ரயில் டிக்கெட்டில் பாதிதான் வருகிறது. மகனை மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம், இந்தத் தடவை அவளுக்கே தெரியாமல்.

கம்ப்யூட்டரின் பிளக்கை நான் எப்போதும் சுவரில் சொருகியே வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் ஆகாத பெட்டிக்குக் கரண்ட் எதற்கு என்றால், இடி வெட்டும்போது ஊருவதற்கு அவளுக்கு ஒரு பிளக் வேண்டும்.

இப்போது வேனல் மழைக்காலம், கோடையில் பெய்யும் மழை. போன வாரம் மத்தியானம் கறுத்தது, முதல் இடி விழுந்தது. நான் நகரவில்லை. அவள் எழுந்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், போய் ஊரினாள். பிளக்கைக் கையில் வைத்தபடியே அவன் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினாள். "மொதல் இடி வெட்டினதும் என் கம்ப்யூட்டர் பிளக்கை ஊரு. ஃபிரிட்ஜ் அப்பறம். அப்பாவோட டிவி எல்லாத்துக்கும் கடைசி. ஈரக்கையோட தொடாதே." நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அதுக்கப்பறம் சிரிச்சுண்டே ஒண்ணு சொல்வானே, ஏன்னா, என்ன அது?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? "ஜாக்ரதையா இரு அம்மான்னு சொல்வான்" என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இல்லை, அவன் அப்படிச் சொல்லமாட்டான். டிஸ்க் வரட்டும், போட்டுக் காட்டறேன். கேட்டா நீங்களும் சிரிப்பேள்."

சரி என்றேன். மழை விட்டதும், அவள் அடுக்களைக்குப் போன பிறகு, பிளக்கை மறுபடியும் சொருகிவைத்தேன்.